அண்ணி வந்தால் ரொட்டி உப்பாது

டீச்சருக்குக் கோபம் வந்தது. தன்னைப் பற்றிக் குறை சொன்னதற்காக அல்ல. அதெல்லாம் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒரு நல்ல வார்த்தையை இப்படிக் கீழே போட்டு மிதிக்கிறார்களே என்றுதான் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி வீட்டுக்கும் அவன் பேக்கரிக்கும் நடுவே ஒரே ஒரு கதவுதான். டீ டம்ளரும் கையுமாக அவர் அந்தக் கதவருகே வந்தபோது, கடைப்பக்கம் தம்பி மனைவி எதிர்க் கடைத் தையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். தையல்காரர் வாங்கின ரொட்டியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டி மசியவில்லை. விரல்தான் வலித்திருக்கும்.

"என்னம்மா இது, ரொட்டி கேட்டா செங்கல்லைக் கட்டித் தர்றீங்க?"

"என்ன பண்றதுண்ணே. என் தியரி என்னன்னா, எங்க அண்ணி வந்து இறங்கினா போதும், அன்னையிலேருந்து ரொட்டி உப்பாது. பாவம், அவங்க மேல தப்பு சொல்லல. அது ஒரு ராசி."

"அது தியரி இல்லம்மா!" என்று டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

தம்பி மனைவிக்கு உயிரே போய்விட்டது. தையல்காரர் ரொட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். டீச்சர் முன்னால் நின்றால் யாருக்குமே எதையாவது ஒளிக்கத் தோன்றும்.

வேலையில் இருந்த காலம் முழுக்க உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தியவர் அவர். "அது வெறும் தியரிதானே" என்று யாராவது அவர் காதுபட உளறிவிட்டுத் தப்பித்ததாகச் சரித்திரம் இல்லை. மாணவர்கள், பெற்றோர், கல்யாணத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பாவத்துக்காக முன்பின் தெரியாத ஒரு பல் டாக்டர், எல்லாரும் அகப்பட்டிருக்கிறார்கள்.

"மனசுல தோணுறதையெல்லாம் தியரின்னு சொல்லக் கூடாது. தோணினது வெறும் ஊகம். அதை, 'சோதிச்சுப் பாத்துக்கோ, தப்பா இருந்தா தப்புன்னு தெரிஞ்சிடும்'கிற மாதிரி தெளிவா வெச்சா கருதுகோள். ஹைபோதிசிஸ். தியரிங்கிறது வேற சமாச்சாரம்."

"வேறன்னா எப்படி டீச்சர்?" என்று தையல்காரர் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டார்.

"உங்க கடைக்கு ஒருத்தர் வர்றார். பாத்ததுமே இவருக்கு இடுப்பு இவ்வளவு இருக்கும்னு நினைக்கிறீங்க. டேப் வெச்சா சரியா தப்பான்னு தெரிஞ்சுபோயிடும். அது கருதுகோள். துணியை கிராஸா வெட்டினா இழுபடுது. ஏன் இழுபடுது? நூல் எப்படி ஓடுது, எந்தப் பக்கம் இழுத்தா எப்படிச் சாயுதுன்னு உங்களுக்குத் தெரியும். அது பருத்திக்கும் சரியா வருது, பட்டுக்கும் சரியா வருது, நாளைக்குப் புதுசா ஒரு துணி வந்தா அதுக்கும் வரும். பல தடவை சோதனையைத் தாண்டி நின்னு, 'ஏன்'ங்கிறதுக்குப் பதிலும் சொல்லுது பாருங்க, அதுதான் தியரி."

"அப்போ நான் தியரி தெரிஞ்சவனா?" என்றார் தையல்காரர் சந்தோஷமாக. அதோடு ரொட்டிச் சண்டையை மறந்து கிளம்பியும் போய்விட்டார்.

தம்பி மனைவி, "சரிங்க அண்ணி," என்றாள். அவ்வளவுதான். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சளசளவென்று பேசுகிறவள், டீச்சரிடம் வந்தால் "சரிங்க அண்ணி"யோடு கடையைச் சாத்திவிடுவாள். முகத்தையும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். இவளுக்குத் தன்னைப் பிடிக்காது என்பது டீச்சருக்குச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே தெரியும்.

மற்ற தடவைகளாக இருந்தால் இதைத் தூசு மாதிரி தட்டிவிட்டிருப்பார். கோடை விடுமுறைக்கு வந்து சில நாள் தங்கிவிட்டுப் போகிறவருக்கு ரொட்டி உப்பினால் என்ன, உப்பாவிட்டால் என்ன? இந்தத் தடவை அப்படி இல்லை. ஓய்வு பெற்றாகிவிட்டது, வாடகை வீட்டையும் காலி செய்தாகிவிட்டது. "மாடி ரூம் சும்மாதானே கிடக்கு, வந்து இங்கேயே இருந்துடுக்கா," என்று தம்பி போனில் சொன்னான். தம்பி சொன்னான், சரி. அவன் பெண்டாட்டி சொல்லவில்லையே. வீட்டுக்காரி வாய் திறந்து கூப்பிடாத வீட்டில் நிரந்தரமாக உட்காருவதற்கு டீச்சரின் தன்மானம் இடம் கொடுக்கவில்லை. பழைய பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் விடுதியில் அறைக்குச் சொல்லி வைத்திருந்தார். அங்கே போய்த் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ரொட்டி விஷயமும் பொய் இல்லை. டீச்சர் வரும்போதெல்லாம் இதே கதைதான். தம்பி ஈஸ்ட்டை மாற்றிப் பார்த்தான், மாவு ஆலையை மாற்றிப் பார்த்தான், தண்ணீரைக்கூடக் காய்ச்சி ஆற வைத்துப் பார்த்தான். விடிகாலையில் எழுந்து மாவு பிசைவான். உருட்டி டின்களில் போட்டு, மத்தியானம் அடுப்புக்குப் பக்கத்துச் சின்ன அறையில் அடுக்குவான். அந்த அறையில் ஒரு ஹீட்டர் உண்டு. அந்தக் கதகதப்பில்தான் மாவு உப்பி டின்னுக்கு மேலே தலை தூக்க வேண்டும். அது உப்புகிற நேரத்தில் தம்பி சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவான். எழுந்ததும் டின்களை அடுப்பில் ஏற்றினால், சாயங்காலம் கடை திறக்கும்போது ரொட்டி சுடச்சுட இருக்கும். டீச்சர் வந்திருக்கும் நாட்களில் மட்டும் மாவு டின்னுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்.

அன்று சாயங்காலம் விற்காத ரொட்டிகளைத் தம்பி மனைவி கூடையில் போடும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டதை டீச்சர் பார்த்தார்.

"சோதிச்சுடுவோம்," என்றார்.

"எதைக்கா?" என்றான் தம்பி.

"என்னைத்தான்."

தம்பி தலையைச் சொறிந்தான். அக்கா சோதனை என்று ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதிலேயே அனுபவப்பட்டவன். பூனை விழும்போது நான்கு காலில்தான் விழுமா என்று பார்ப்பதற்காக அவள் அவனைத்தான் முதலில் சுவரிலிருந்து குதிக்கச் சொன்னாள்.

முதலில் சூட்டைச் சந்தேகித்தார் டீச்சர். பெட்டியிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து, டின்களை உள்ளே வைக்கும்போது ஒரு தடவை பார்த்தார். சாப்பிட்டு, மாடிக்குப் போய்த் தூங்கி எழுந்து, டின்களை வெளியே எடுக்கும்போது இன்னொரு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் ஒரே அளவு. "சூடு காரணமில்லை," என்று தீர்ப்பு எழுதிவிட்டார். மாவு என்னவோ உப்பவில்லை.

அடுத்தது கண் திருஷ்டி. தையல்காரர் சொன்ன யோசனை அது. டீச்சர் அதையும் தள்ளவில்லை. சோதிக்கக் கூடிய எதையும் தள்ளக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு நாள் முழுக்கக் கடைப்பக்கமே எட்டிப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார். உப்பவில்லை. மறுநாள் காலையில், உருட்டி வைத்த மாவு ஒவ்வொன்றையும் குனிந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முறைமுறையென்று முறைத்தார். பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு, தன்னோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினார். கூடை கூடையாக ரொட்டி பூவாக உப்பி நின்றது. கண்ணுக்கு விடுதலை கிடைத்தது. ஆனால் ஆள் மாட்டிக்கொண்டார்.

அப்புறம் வீட்டில் தங்கினால் செங்கல், வெளியே போனால் பூ. மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

"அப்போ இது தியரி ஆயிடுச்சுங்களா அண்ணி?" என்று தம்பி மனைவி பயந்துகொண்டே கேட்டாள்.

"ஆகல. நான் இருந்தா உப்பாது, சரி. கருதுகோள் ஜெயிச்சுக்கிட்டே இருக்கு, ஒத்துக்கறேன். ஏன் உப்பாது? நான் என்ன மந்திரம் போட்ட எலுமிச்சம்பழமா? ஏன்னு சொல்ல முடியாதவரைக்கும் இதுக்கு தியரின்னு பட்டம் கட்ட நான் விடமாட்டேன்."

வீறாப்பாகச் சொன்னாரே தவிர, மாடிக்குப் போனதும் பெட்டியில் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தார். மற்றவர்களாக இருந்தால் நடுவில் ஒரு நாள் ஏதாவது தில்லுமுல்லு செய்து சோதனையைக் கெடுத்திருப்பார்கள். கொஞ்சம் ஈஸ்ட்டைக் கூடுதலாகப் போட்டால் போதுமே. அந்த எண்ணம் அவருக்கும் வந்தது. வந்ததற்கே வெட்கப்பட்டுக் காதைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம், "கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போறேன், வர சாயங்காலமாகும்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். விடுதியில் முன்பணம் கட்டிவிட்டு வருவதாகத்தான் திட்டம். பஸ் நிறுத்தத்தில் தூறல். குடையை விரித்துக்கொண்டு நிற்கும்போதுதான் தலையில் குட்டு வைத்தது மாதிரி ஒன்று உறைத்தது.

தான் வீட்டில் இருக்கிறோமா இல்லையா என்பது மாவுக்குத் தெரியாது. ஆனால் வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கு ஒவ்வொரு தடவையும் தெரிந்திருந்தது. சோதிக்கப்படுகிற மருந்து எது, வெறும் சர்க்கரை மாத்திரை எது என்று கொடுக்கிறவருக்கே தெரியக் கூடாது என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவர், தன் வீட்டுச் சோதனையில் அதைக் கோட்டை விட்டிருந்தார்.

பஸ் வந்தது. டீச்சர் ஏறவில்லை. பின்பக்கச் சந்து வழியாக வந்து, வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, திருடி மாதிரி மாடியேறினார். மூட்டு வலித்தது. அறிவியலுக்காக வாயை மூடிக்கொண்டார். சத்தமில்லாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கட்டிலில் படுத்தார்.

கொஞ்ச நேரத்தில் கழுத்து நனைந்தது. அப்புறம் முதுகு. புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டார். மின்விசிறியைப் போட்டால் கீழே சத்தம் கேட்கும். தரையில் காலை வைத்தார், சுருக்கென்று எடுத்துக்கொண்டார். தரை சுட்டது. வெளியே மழை தூறுகிறது, உள்ளே தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. தெர்மாமீட்டரைத் தரையில் வைத்தார். பாதரசம் பிடித்துத் தள்ளிய மாதிரி ஏறியது.

இந்த அறைக்கு நேர் கீழேதான் மாவு அறை. இத்தனை நாள் இதே நேரத்தில் இதே கட்டிலில் சுகமாகத் தூங்கியிருக்கிறாரே! இந்தத் தடவை வந்ததிலிருந்து ஒரு நாள்கூட இந்தச் சூடு இல்லையே! அப்படியென்றால் அவர் இருக்கும் நாட்களில், அவர் மேலே தூங்கும்போது, கீழே யாரோ ஹீட்டரைக் குறைக்கிறார்கள். டின்களை எடுப்பதற்கு முன்னால் பழையபடி ஏற்றிவிடுகிறார்கள். வைக்கும்போது பார்த்தார், எடுக்கும்போது பார்த்தார். நடுவில் பார்க்க வேண்டிய விஞ்ஞானி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

யார்? அந்த நேரத்தில் தம்பியும் தூக்கம். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

வேண்டுமென்றே செய்திருக்கிறாள்! என்னை இந்த வீட்டில் தங்க விடாமல் துரத்துவதற்கு, சொந்த வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டு, பழியைத் தூக்கி என் தலையில் போட்டிருக்கிறாள். ராசியாம், ராசி! பிடிக்காது என்று எப்போதோ தெரியும், இவ்வளவு தூரம் போவாள் என்று தெரியவில்லை. எல்லாம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! பொருந்திவிட்டால் உண்மையாகிவிடுமா என்று வகுப்பில் கேட்கிற கேள்வியை அன்றைக்கு அவரிடம் கேட்க யாரும் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. வேர்வை என்று துடைத்துக்கொண்டார்.

தம்பி எழுந்து இருமுகிற சத்தம் கேட்டதும் உள்படிக்கட்டு வழியாகத் தடதடவென்று இறங்கினார்.

தம்பி மாவு அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். டின்களுக்கு மேலே மாவு வழுவழுவென்று தலை தூக்கி நின்றது. பக்கத்தில் நின்ற தம்பி மனைவி, தொப்பலாக நனைந்த டீச்சரைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அண்ணி! நீங்க போகலையா? ஐயோ, இந்தச் சூட்டுலயா மேல படுத்திருந்தீங்க?"

"போகல. வீட்டுலதான் இருந்தேன். பாரு, ரொட்டி உப்பியிருக்கு. இப்போ சொல்லு, தினமும் ஹீட்டரைக் குறைக்கிறது யாரு?"

தம்பி மனைவியின் முகம் மாவு நிறத்துக்குப் போனது. "நான்தான்," என்றாள்.

"ஏன்?"

"நீங்க தூங்கறதுக்குத்தான் அண்ணி."

டீச்சர் அடுத்ததாகச் சொல்வதற்கு நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். அதில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

"முதல் தடவை நீங்க வந்தப்போ மத்தியானம் மேல படுத்துட்டு, இதே மாதிரி குளிச்ச மாதிரி இறங்கி வந்தீங்க. சூடா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. இவர்கிட்ட சொன்னா ஹீட்டர்ல கை வெச்சேன்னு குதிப்பாரு. அதான் நீங்க மேல போனதும் குறைச்சிட்டு, இவர் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி ஏத்தி வெச்சிடுவேன்."

"அடிப்பாவி!" என்று தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "உப்புற மாவு இருக்கிற ரூம்ல சூட்டைக் குறைச்சியா? நான் ஈஸ்ட்டு வியாபாரியைப் பிடிச்சு என்னெல்லாம் திட்டினேன் தெரியுமா?"

"கொஞ்சம்தானே, அதுல என்ன ஆகும்னு நினைச்சேங்க. ஒரு கட்டத்துல எனக்கே சந்தேகம் வந்துச்சு. அப்பத்தான் அண்ணி தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்துட்டு, சூடு காரணமில்லைன்னு சொன்னாங்க. டீச்சரே சொல்லிட்டாங்கன்னு நிம்மதியா குறைச்சேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா ஹீட்டரைப் பார்த்தார்.

இவள் சொல்வதை நம்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்குமா என்று டீச்சர் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. கூடையில் ரொட்டியைப் போட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தவள் இவள். துரத்த நினைப்பவள் ஏன் அழப் போகிறாள்? அதைப் பார்த்தும் கணக்கில் சேர்க்காமல் விட்டது யார்? ஒருத்தியைப் பற்றி இத்தனை வருஷமாக ஒன்றை நிச்சயமாக நம்பிக்கொண்டிருந்தார், ஒரு நாள்கூட அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அப்படி நம்பிய நாட்களிலெல்லாம் இவள் கீழே இவருக்காக ஹீட்டரின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். டீச்சருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, அதனால் இன்னும் அவமானமாக இருந்தது.

"நீ என்னைத் துரத்தறதுக்குத்தான் இப்படிப் பண்றேன்னு நினைச்சுக்கிட்டு இறங்கி வந்தேன்மா," என்றார்.

தம்பி மனைவி மெதுவாக, "அது தியரிங்களா, கருதுகோளுங்களா அண்ணி?" என்றாள்.

"ரெண்டும் இல்ல. கிறுக்குத்தனம்."

தம்பி சிரித்துவிட்டான். அக்கா தன்னைத் தானே திட்டிக்கொண்டு அவன் பார்த்ததே இல்லை. சிரித்தபடியே டின்களைத் தூக்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் ஓடினான். உப்பிய மாவு யாருக்காகவும் காத்திருக்காது.

இரண்டு பெண்களும் அந்தக் கதகதப்பான அறையில் தனியாக நின்றார்கள். டீச்சர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கப்பட்டவர் அல்ல. கேள்வி கேட்டிருக்கிறார், ஆயிரக்கணக்கில். எல்லாவற்றுக்கும் விடை அவருக்கு முன்கூட்டியே தெரியும். விடை தெரியாத ஒரு கேள்வியைக் கேட்பதற்கு இவ்வளவு பயமாக இருக்கும் என்று அவருடைய மாணவர்கள் யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"ஏம்மா," என்றார். "நான் இங்கேயே இருந்துடட்டுமா?"

தம்பி மனைவி சட்டென்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முந்தின நாள் வரைக்கும் இது ஒன்றே போதும். டீச்சர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். இப்போது நின்ற இடத்திலேயே நின்றார்.

"எதுக்கும்மா முகத்தைத் திருப்பிக்கறே? எனக்குத் தெரியல. நீயே சொல்லு."

"அழுகை வருது அண்ணி," என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. "நீங்க பாத்தா கண்ணீர் எப்படி வருதுன்னு பாடம் எடுக்க ஆரம்பிச்சிடுவீங்க."